தொலைபேசித் தடங்களில் அதிர்வெண் பகுப்புப் பன்மையாக்கம்

ஒரே கம்பியில் பல உரையாடல்களை ஒருசேர அனுப்பும் பொருட்டு ஒவ்வொன்றிற்கும் தனி அதிர்வெண் பட்டை ஒதுக்குவதே அதிர்வெண் பகுப்புப் பன்மையாக்கம் எனப்படுகிறது. தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதுமானது. ஆயினும் தடமொன்றிற்கு 4 கிலோஹெர்ட்ஸ் அளிக்கப்பட்டது. ஒவ்வொரு குரலாலும் தனித்தனி ஊர்தி அலையைப் பண்பேற்றி, ஒரு பக்கப்பட்டையை மட்டும் பிரித்தெடுத்து, 12 குரல்கள் 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை அடுக்கப்பட்டன.

எஞ்சும் 900 ஹெர்ட்ஸ் வீண் எனத் தோன்றலாம். உண்மையில் அது வடிகட்டியின் இயலாமைக்காக விடப்பட்ட இடம். எந்த வடிகட்டியும் பட்டையின் விளிம்பில் செங்குத்தாக வெட்டுவதில்லை, படிப்படியாகவே தணிக்கிறது. இடைவெளி இல்லையெனில் அடுத்த தடத்தின் பேச்சு ஊடுருவும். பெருக்கியின் குறை இதனினும் கடியது. அது நேர்போக்கில் இயங்காவிடின் அலைகள் தம்முள் கலந்து புதிய அதிர்வெண்கள் பிறக்கும். அவை பிறிதொரு தடத்தினுள் விழுந்துவிட்டால் எவ்வளவு செம்மையான வடிகட்டியாலும் நீக்க இயலாது.