மீட்டருக்குத் தெரியாத தேய்மானம்

போடி முந்தலைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்கிவிடும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் 25 கி.மீ. வேகத்தில் ஏறும் காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு 6,000 சுற்று ஆகிறது. சமவெளியில் டாப் கியரில் 75-ல் போனால் அதே கிலோமீட்டருக்கு 2,000 சுற்று போதும். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். டைமிங் பெல்ட்டுக்கு அப்படியல்ல; அது சுமப்பது சுற்றுகளை.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்கும். இந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது, கண்ணாடி இழை பதித்த பல் வைத்த ரப்பர் பெல்ட். 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காகப் பிறந்த பல் பெல்ட்தான் பிறகு கார் எஞ்சினுக்குள் புகுந்தது. மாருதி 800, ஆம்னி, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல், டஸ்டர் டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள். ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது சங்கிலி. உங்கள் வண்டியில் எது என்று மேனுவலைப் பாருங்கள்.

பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய்த் திறந்திருக்கும் வால்வில் முட்டும். வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும். குமுளி மலையில் இறங்கும்போது நடந்தால் இன்னும் மோசம்: எஞ்சின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக்கும் கட்டையாகிவிடும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்று, செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். மறுபடி செல்ஃப் அடிக்க வேண்டாம். சரிவுதானே என்று உருட்டிவிட்டு கியரில் போடுவதும் கூடாது. தப்பிய வால்வும் வளையும்.

முன்னறிவிப்பு கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. பெல்ட்டின் மேல் கவரைக் கழற்றி, டார்ச் அடித்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகில் வெடிப்பு, ஓரத்தில் பிரிந்த நூல், பல்லின் அடியில் கீறல், கண்ணாடி போன்ற பளபளப்பு, ஆயில் ஈரம்: இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மாற்ற வேண்டியதுதான். கவரின் கிளிப் உடைந்திருந்தால் ஆடிக்காற்றுப் புழுதி உள்ளே போய்ப் பல்லை அரைக்கும். அதைச் சில்லறை வேலை என்று தள்ளிப்போடாதீர்கள். ஆனால் பார்வைக்குப் புதிதாக இருக்கும் பெல்ட்டும் அறும். ஓடாமல் ஷெட்டில் நிற்கும் காரிலும் ரப்பர் இறுகும்.

பல தயாரிப்பாளர்கள் 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை கெடு வைக்கிறார்கள். வருடக் கணக்கும் உண்டு. எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு. வாரந்தோறும் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் வண்டிக்கு அதையும் முழுதாகப் பயன்படுத்தக் கூடாது, முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. மாற்றும்போது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும், கசியும் ஆயில் சீல்களையும் அப்போதே முடித்துவிடலாம். கூலி ஒரே கூலிதான்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் தேதியையும் கிலோமீட்டரையும் கவர் மேலேயே பெயின்ட்டால் எழுதச் சொல்லுங்கள்.