48இன் காரணிகள்: தறப்பாள் வகுப்பில் விட்டுப்போன கணக்கு

நுண்கடன் பற்றிய ஒரு கட்டுரைக்காகப் புதுக்குடியிருப்புப் பக்கம் போயிருந்தேன். பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயது. பக்கத்தில் தரம் 6 படிக்கும் மகள் கணிதக் கொப்பியோடு குந்தியிருந்தாள். 48இன் காரணிகள் எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்பது கேள்வி. 1, 2, 24, 48 என்று எழுதிவிட்டு, பேனையைக் கடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"என்னைப் பாக்காதை பிள்ளை, நான் எட்டாம் ஆண்டோட விட்டனான்" என்றார் தாய். பிறகு என்னிடம், "காரணி எது, மடங்கு எது எண்டே எனக்கு மாறிப்போகும் அக்கா" என்றார்.

எட்டாம் ஆண்டு என்றால் அவருக்கு அது 2008. கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று சனத்தோடு சேர்ந்து பள்ளிக்கூடங்களும் கிழக்கே நகர்ந்த காலம். மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் வகுப்பு நடந்தது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளம் முகாமில் வகுப்புகள் தொடங்கியபோது திரும்பச் சேர்ந்தவர்கள் உண்டு, சேராமல் விட்டவர்களும் உண்டு. இவர் சேராமல் விட்டவர். அப்படி விட்டவர்களின் பிள்ளைகள் இப்போது தரம் 6, 7இல் இருக்கிறார்கள். வீட்டில் கேட்க ஆளில்லாத கணக்கு ரியூசனுக்குப் போகிறது. ரியூசனுக்குக் காசில்லாத வீட்டில் அது கொப்பியிலேயே கிடக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம் கட்டாய பாடம். கிடந்த கணக்குக்கான விலை ஐந்து வருடம் கழித்துத் தெரியவரும்.

நான் கணித ஆசிரியர் இல்லை, படித்தது ஊடகக் கற்கை. ஆனால் காரணிப் புதிர்கள் எனக்குப் பிடிக்கும். கணிதத்தில் பெரும்பாலான பாடங்கள் போன வருடப் பாடத்தின் மேல் நிற்பவை. ஒரு வருடம் விட்டால் அடுத்தது விளங்காது. காரணிகள் அப்படியல்ல. பெருக்கல் வாய்பாடு தெரிந்தால் போதும். எத்தனை வருடம் விட்டவரும் இந்த இடத்தில் ஏறிக்கொள்ளலாம்.

முற்றத்துச் சாக்கில் புளியங்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதில் 12 எடுத்து, மிச்சம் வராமல் சம வரிசைகளாக அடுக்கச் சொன்னேன். ஒரே வரிசையில் 12, இரண்டு வரிசையில் ஆறாறு, மூன்று வரிசையில் நாலு நாலு. வேறு வழி இல்லை. அந்த வரிசைகளில் வந்த 1, 2, 3, 4, 6, 12 தான் 12இன் காரணிகள். இன்னொரு கொட்டையைச் சேர்த்து 13 ஆக்கினால் ஒரே நீட்டு வரிசையைத் தவிர எதுவும் சரிவராது. அப்படிப்பட்ட எண்தான் முதன்மை எண். பாடப்புத்தக வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியபோது எனக்கு விளங்காத விசயம் இது. 13ஐ அடுக்கப் பார்த்துத் தோற்ற பிள்ளைக்கு உடனே விளங்கியது.

கவனித்தால், காரணிகள் சோடி சோடியாகவே வருகின்றன. ஒன்று வரிசைகளின் எண்ணிக்கை, மற்றது வரிசையில் உள்ள கொட்டைகள். எனவே 48க்கு ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, சரிவந்தால் அதன் சோடியையும் பக்கத்தில் எழுதவேண்டும்: 1–48, 2–24, 3–16, 4–12, 6–8. ஐந்து சரிவராது, ஏழும் சரிவராது. அடுத்தது 8, அது ஏற்கெனவே வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தலாம். மொத்தம் 10 காரணிகள். 48 வரை எல்லா எண்ணையும் வகுத்துப் பார்க்கவேண்டும் என்று நினைத்துத்தான் பிள்ளை மலைத்திருக்கிறாள். ஏழேழு 49, அது 48ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஏழோடு தேடல் முடிகிறது.

எண் பெரிதானால் காரணியும் கூடும் என்று நினைக்கவேண்டாம். 47க்கு இரண்டு காரணிகள்தான். 49க்கு மூன்று: 1, 7, 49. இதில் 7க்குச் சோடி அதே 7, அதனால்தான் ஒற்றை எண்ணிக்கை வருகிறது. 4, 9, 16, 25 போன்ற சதுர எண்கள் எல்லாவற்றுக்கும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாகவே இருக்கும். மற்ற எந்த எண்ணுக்கும் அப்படி வராது.

இனிப் புதிரைத் திருப்பிப் போடலாம். 10 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண் எது? இதற்கு எண்ணை முதன்மை எண்களாக உடைக்கவேண்டும். 48 என்பது 2×2×2×2×3. இதன் எந்தக் காரணியும் இந்தத் துண்டுகளில் சிலவற்றை எடுத்துப் பெருக்கியதுதான். இரண்டுகளில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எடுக்கலாம்: ஐந்து வழி. மூன்றை எடுக்கலாம், விடலாம்: இரண்டு வழி. ஐந்து பாவாடையும் இரண்டு சட்டையும் உள்ளவள் பத்து விதமாக உடுத்தலாம் என்பதுபோல 5×2=10. ஆக, ஒவ்வொரு முதன்மை எண்ணும் எத்தனை தடவை வருகிறது என்று பார்த்து, அதோடு ஒன்றைக் கூட்டி, பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும். அந்த ஒன்று, "எடுக்காமல் விடுவதும் ஒரு வழி" என்பதற்கானது. பரீட்சையில் மறந்துபோவதும் அதுதான். 10 வரவேண்டுமானால் ஒன்றில் 5×2, அல்லது தனியே 10. தனியே 10 என்றால் இரண்டை ஒன்பது தடவை பெருக்கவேண்டும், அது 512. 5×2 என்றால் மிகச் சிறிய முதன்மை எண்ணாகிய 2ஐ நான்கு தடவையும், அடுத்த சிறியதான 3ஐ ஒரு தடவையும் எடுக்கவேண்டும். விடை 48 தான்.

தாய் இதைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒன்று கேட்டேன். 48 கொப்பியும் 36 பேனையும் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே மாதிரி, மிச்சம் வராமல், ஆகக்கூடியது எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்?

"பன்ரெண்டு பேருக்கு. ஆளுக்கு நாலு கொப்பி, மூண்டு பேனை." சுளகு நிற்கவில்லை. "மாதர் சங்கத்தில சாமான் பிரிக்கிறது நான்தானே."

"உதுக்குப் பேர்தான் பொதுக் காரணிகளுட் பெரியது" என்றேன். சுளகு நின்றது.

அவருக்கும் மகளுக்குமாக ஒரு புதிர் போட்டேன். விதானையார் ஒரு வீட்டுக்குப் பதிவுக்கு வருகிறார். (பதிவு என்றால் எங்கள் சனத்துக்கு வேறு ஞாபகங்கள் வரும். இது விளையாட்டுப் பதிவு.) வீட்டுக்காரி சொல்கிறாள்: "எனக்கு மூண்டு பிள்ளையள். மூண்டு பேரின்ர வயதையும் பெருக்கினால் 40. கூட்டினால் இந்த முற்றத்துத் தென்னையளின்ர எண்ணிக்கை." விதானையார் தென்னைகளை எண்ணுகிறார். "இது காணாது" என்கிறார். "மூத்தவள் இந்த வருசம் புலமைப்பரிசில் எடுக்கிறாள்" என்கிறாள் அவள். "சரி" என்று வயதுகளை எழுதிக்கொண்டு அவர் போய்விடுகிறார்.

40ஐ மூன்று எண்களின் பெருக்கமாக ஆறு விதமாக எழுதலாம். மகள் எழுதினாள்: 1,1,40, 1,2,20, 1,4,10, 1,5,8, 2,2,10, 2,4,5. கூட்டுத்தொகைகள் முறையே 42, 23, 15, 14, 14, 11. எத்தனை தென்னை என்று தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே நின்றுவிட்டாள்.

தாய் கொப்பியை இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் எண்ணிப்போட்டாரெல்லோ? எண்ணியும் தெரியேல்லை எண்டால், அந்தத் தொகை ரெண்டு இடத்தில வந்திருக்கவேணும். அப்ப 14."

பிறகு எளிது. 1,5,8 அல்லது 2,2,10. புலமைப்பரிசில் எழுதுவது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை, பத்து வயது. எனவே மூத்தவளுக்கு 10, மற்ற இருவருக்கும் இரண்டிரண்டு.

புறப்படும்போது, 12 காரணிகள் கொண்ட மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு தொலைபேசி வந்தது.

"அன்ரி, 60. 72க்கும் பன்ரெண்டு வருது, ஆனா 60 சின்னன்."

"சரி."

"அம்மா ஒண்டு கேக்கச் சொன்னவ. 13 காரணி வாற எண் எது?"

13 முதன்மை எண். அதைப் பெருக்கமாகப் பிரிக்க வழியில்லை. ஆக ஒரே முதன்மை எண்ணைப் பன்னிரண்டு தடவை பெருக்கவேண்டும்; சிறியது வேண்டுமென்றால் இரண்டை. பேனையை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 4096.

சொன்னேன். அந்தப் பக்கம் தாயின் குரல் கேட்டது: "அவ்வளவு புளியங்கொட்டைக்கு எங்க போறது?"