சுவிட்சை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

சீலிங் ஃபேன் முனக ஆரம்பித்தால் பல வீடுகளில் முதலில் தேடுவது எண்ணெய் டப்பாவை. அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு சுவிட்சை அணையுங்கள். இறக்கை சிறிது நேரம் தானாகச் சுற்றும். அப்போது காதைக் கொடுங்கள். சத்தம் அணைத்த கணமே நின்றால் அது மின்சாரத்தின் வேலை. வேகம் குறையக் குறைய மெல்ல அடங்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம், திருகு தளர்ந்திருக்கலாம்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மோட்டாருக்குள் காந்த இழுப்பு இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. இரும்புத் தகடுகளும் கம்பிச் சுருளும் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. இந்த மெல்லிய உறுமல் சாதாரண ஃபேன்களில் இருக்கத்தான் செய்யும்.

அது காதில் அறைகிற அளவுக்குப் போனால் சுவரைப் பாருங்கள். குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச், மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் தொடக்கத்தை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் மேல் அதிர்வெண்கள் பல கலந்துவிடும். நடு வேகத்தில் முனகுகிற ஃபேன் முழு வேகத்தில் சாதுவாகிவிடுவது இதனால்தான். கண்டன்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் அலையை வெட்டுவதில்லை. மோட்டாரில் கை வைக்காமல் ரெகுலேட்டரை அந்த வகைக்கு மாற்றினாலே போதும்.

பேரிங் சத்தம் வேறு ரகம். மின்சாரத்தைத் துண்டித்து இறக்கையைக் கையால் மெல்லச் சுற்றினால், மணல் அரைபடுவதுபோல் விரலில் தட்டுப்படும். இருபுறமும் மூடிய பேரிங்குக்கு வெளியிலிருந்து எண்ணெய் விட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மின்சாரத்தை வெட்டுவதால் வரும் சத்தம் ஃபேனோடு நிற்பதில்லை. அர்டுயினோ என்ற மின்னணுப் பலகையில் சின்ன மோட்டார் ஓட்டும் மாணவர்களுக்குக் கீச்சுச் சத்தம் பழக்கமானது. வேகத்தைக் குறைக்க அந்தப் பலகை மின்சாரத்தை நொடிக்குச் சுமார் 490 முறை விட்டுவிட்டு அனுப்புகிறது. சுருளும் அதே தாளத்தில் பாடுகிறது. அதை நொடிக்கு 20,000 முறைக்கு மேல் உயர்த்தினால் மனிதக் காதுக்கு எட்டாது. ஆனால் ஒவ்வொரு திறந்து மூடலும் மோட்டாரை இயக்கும் டிரைவர் சிப்பைக் கொஞ்சம் சுடவைக்கும் என்பதால், சிப் அந்த வேகத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்கிற ஃபேனில் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். உடனே அணைத்துவிடுங்கள், விட்டுவைத்தால் கம்பிச் சுருள் கருகிவிடும்.