வெந்நீரில் விழிக்கும் விதை

ஜவ்வாது மலையடிவாரத்தில், கணியம்பாடி போன்ற ஊர்களில் ஆடு வளர்ப்பவர்களுக்குக் கருவேலங்காயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் மேய்ச்சல் காய்ந்தால் அதுவும் ஆட்டுக்கு நல்ல தீனி. காயைத் தின்னும் ஆடு, அசைபோடும்போது விதைகளைத் துப்பிவிடும். சில விதைகள் புழுக்கையோடு வெளியேறும். பட்டியில் பொறுக்கிய அந்த விதை, மரத்தில் பறித்ததைவிடச் சுலபமாக முளைக்கும்.

வேல இனத்து விதைகளின் ஓடு அவ்வளவு கெட்டி. தண்ணீர் உள்ளே இறங்காது. பட்டி இல்லாத வீட்டில் வெந்நீர் போதும்: கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் உப்பியிருக்கும் விதைகளை உடனே விதைத்துவிடலாம். உப்பாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடலாம். ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் ஆழமான பை நல்லது.

குளிர் மலைகளில் வளரும், வேலத்தின் உறவான ஆஸ்திரேலிய வாட்டில் மரத்துக்கும் இதே வைத்தியம்தான். அதில் ஒரு வகையின் நாற்று பார்க்கவே அழகு: முதலில் புளியிலைபோல் பொடிப்பொடியாகத் துளிர்க்கும்; பிறகு இலைக்காம்பே தட்டையாகி இலையின் வேலையைச் செய்யும். சில காலம் ஒரே கிளையில் இரண்டையும் காணலாம்.

வாட்டில் வகைகளை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நீலகிரிக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். புல்வெளியும் சோலையுமாக இருந்த மலையில் அவர்களுக்கு விறகு வேண்டியிருந்தது. பின்னாளில், தோல் பதனிட உதவும் பட்டைக்காக வனத்துறையே பெருமளவில் நட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலால் பெயர்பெற்ற வட்டாரத்தில் இருக்கும் கணியம்பாடிக்கு இந்தக் கதை அந்நியமல்ல.

விலை கொடுத்தது மலை. மலைவாசிகள் சீகை மரம் என்று சொல்லும் இந்த வாட்டில், வரையாடு மேயும் புல்வெளிகளை விழுங்கிவிட்டது. வெட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தால், மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் விதை வெயில் பட்டதும் எழுந்துவிடுகிறது. காட்டுத்தீ வந்தால் இன்னும் கொண்டாட்டம். நெருப்பின் சூடு ஓட்டை வெடிக்க வைக்கும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் கறுப்பு வாட்டிலும் உண்டு. தென்னாப்பிரிக்கா அதன் விதையைத் தின்பதற்கென்றே ஆஸ்திரேலிய வண்டு ஒன்றைத் தருவித்தது. தமிழக அரசும் 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கை வகுத்தது.

ஆகவே, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தோட்டம் வைத்திருப்பவர்கள் மஞ்சள் பூவுக்கு ஆசைப்பட்டு வாட்டிலை விதைக்க வேண்டாம். சமவெளியில் இருப்பவர்கள் கருவேலத்தையும் வெள்வேலத்தையும் தாராளமாக ஊறப்போடுங்கள். சீமைக்கருவேலத்தை மட்டும் இவற்றோடு சேர்த்துவிடாதீர்கள்; அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு மரம்.