பேட்மேன் நடந்தால் காகிதம் ஏன் பறக்கிறது?

தரையெல்லாம் காகிதம். பேட்மேன் நடக்க நடக்க அவை எழும்பிச் சுழன்று பறக்கின்றன. அதே விளையாட்டு, அதே அறை. செற்றிங்கில் ஒன்றே ஒன்றை நிறுத்திவிட்டுப் போய்ப் பாருங்கோ: ஒரு துண்டுகூட இல்லை, கூட்டித் துடைத்த தரை! வாங்கோ, திரைக்குப் பின்னால் ஒருக்கா எட்டிப் பார்ப்போம்.

2009 இல் கணினிக்கு வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ விளையாட்டில் அந்தக் காகிதங்களை ஆட்டிவைத்தது கிராபிக்ஸ் கார்ட். படம் வரையத்தானே அது இருக்கிறது என்கிறீர்களா? இங்கே பௌதிகக் கணக்கும் செய்கிறது!

விநாடிக்கு 60 படம் ஓடினால் ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லிசெக்கன். அதற்குள் எந்தப் பொருள் எதற்குக் கிட்ட நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எட்ட நிற்பவற்றைக் கழித்துவிட வேண்டும். மிச்சத்தில் எது எதோடு எந்த இடத்தில் முட்டுகிறது என்று கண்டுபிடித்து, முட்டியவற்றைத் தள்ளி வைக்க வேண்டும். முடிந்ததா? அடுத்த படம் வந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து!

கணினியின் மூளையான சிபியு மகா கெட்டிக்காரன்தான். ஆனால் அன்றைய வீட்டுக் கணினிகளில் அதற்கு இரண்டு அல்லது நான்கு கோர். 2006 இன் கடைசியில் வந்த ஜிபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டிலோ 128 சின்னச் செயலிகள். கண்டாவளை வயலில் அருவி வெட்டுக்கு ஒரு கைதேர்ந்த ஆள் தனியே இறங்குவதா, ஊரே நிரை பிடித்து இறங்குவதா? ஒவ்வொரு காகிதத்துக்கும் கணக்கு ஒன்றுதான், எண்கள்தான் வேறு. கூட்டத்துக்கு இதைவிட வாய்ப்பான வேலை ஏது!

இதற்கென்றே ஒரு தனிக் கார்டும் இருந்தது. 2006 இல் அஜியா நிறுவனம் விற்ற ஃபிசிஎக்ஸ் கார்ட் பௌதிகத்தைத் தவிர வேறொன்றும் செய்யாது. 2008 இல் என்விடியா அஜியாவையே வாங்கி, அந்த வித்தையைக் கூடா என்ற தன் நிரலாக்க முறை வழியாகத் தன் கிராபிக்ஸ் கார்டுகளுக்குள் இறக்கிவிட்டது. செற்றிங்கில் நாம் நிறுத்தியது இந்த ஃபிசிஎக்ஸைத்தான்.

இப்போது உள்வீட்டு இரகசியம். பேட்மேன் காகிதத்தைத் தள்ளலாம்; காகிதம் பேட்மேனைத் தள்ளாது! விளையாட்டின் விதிகள் சிபியுவிடம். கார்ட் போட்ட கணக்கை அங்கே திருப்பி அனுப்பி விடைக்குக் காத்திருந்தால் 16 மில்லிசெக்கனில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் கார்ட் இல்லாதவரும் அதே விளையாட்டை ஆடி முடிக்க வேண்டுமே! அதனால் புகை, தீப்பொறி, ‘மிரர்ஸ் எட்ஜ்’ விளையாட்டில் கிழியும் துணி, சிதறும் கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் சோடனைதான்.

ஆனால் அந்தச் சோடனைக்கு எத்தனை விசிறிகள்! 2025 இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 32-பிட் கூடாவைக் கைவிட்டது. பழைய 32-பிட் விளையாட்டுகளின் பௌதிகம் முழுக்கச் சிபியுவின் தலையில் விழ, புத்தம்புதுக் கணினிகள் திணறின. சிலர் பக்கத்தில் ஒரு பழைய கார்டையும் செருகிக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் சில விளையாட்டுகளுக்கு மட்டும் என்விடியா அந்த வசதியைத் திருப்பிக் கொடுத்தது.

அதே ஆண்டில் ஃபிசிஎக்ஸின் கிராபிக்ஸ் கார்ட் நிரலும் திறந்த மூலமாக வெளிவந்தது: 500க்கும் மேற்பட்ட கூடா கேர்னல்கள், அதாவது கார்டில் ஓடும் சிறு நிரல்கள்! கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் அதை இறக்கிப் பிரித்து மேயலாம். விளையாட்டின் விதிகளையும் கார்டிலேயே ஓடவிட்டால் என்ன நடக்கும்? எழுதிப் பார்க்க ஆரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.