ஹாப்ஸை வடிகட்டாதீர்கள், ஒதுக்குங்கள்

போன வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நானே காய்ச்சிய 19 லிட்டர் பீரை சமையலறைத் தொட்டியில் கொட்டினேன். ஒரு முழுப் பகல் வேலை, மூன்று வாரக் காத்திருப்பு, எல்லாம் போச்சு. மால்ட் மேல் குற்றம் இல்லை, ஈஸ்ட் மேலும் இல்லை. அண்டாவின் வால்வு அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஏன் அடைத்தது என்று தோண்ட ஆரம்பித்து, கடைசியில் ஐன்ஸ்டைனின் தேநீர்க் கோப்பையில் போய் நின்றேன். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு விளக்கம். நான் இருப்பது சியாட்டில் பக்கம். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சலாம். கூட்டாட்சி அளவில் இதற்கு வழிவிட்டது 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் என்றால் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இது சட்டப்படி குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதை இயற்பியல் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதற்கு வோர்ட் என்று பெயர். அதைப் பெரிய அண்டாவில் ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிடுவோம். கொதிக்கும்போது போடுவதுதான் ஹாப்ஸ், ஒரு கொடியின் பூ. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறித்தான் பீருக்குக் கசப்பு வருகிறது. கடைசி நிமிடங்களில் போடும் ஹாப்ஸ் வாசனைக்காக. இங்கிருந்து மலையைத் தாண்டிக் கிழக்கே போனால் யாக்கிமா பள்ளத்தாக்கு. அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் கை தாராளமாகவே போடுவார்கள். நானும்தான்.

கொதித்து முடிந்ததும் சாற்றை 20 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆறவைத்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஈஸ்ட் சேர்க்க வேண்டும். மாற்றும்போது ஹாப்ஸ் அண்டாவிலேயே தங்கிவிட வேண்டும். கேள்வியே இதுதான்: எப்படித் தங்க வைப்பது?

என் அண்டாவில் வால்வின் உள்பக்கம் எஃகு வலையில் செய்த ஒரு குழாய் மாட்டியிருந்தேன். அன்றைக்குப் போட்டது 150 கிராம் பெல்லட் ஹாப்ஸ். வால்வைத் திறந்தேன். இரண்டு லிட்டர் ஜோராக வந்தது. அப்புறம் சொட்டு சொட்டாக வந்து நின்றே போனது. உதவிக்கு வந்த நண்பர், "குழாயில வாய வச்சு ஒரு ஊது ஊதுங்க, தானா விட்டுடும்" என்றார். ஊதினேன். விடவில்லை. பொறுமை போய், சமையலறைச் சல்லடையைக் கையோடு அண்டாவுக்குள் விட்டு அள்ளினேன். ஆறிய வோர்ட் என்பது கிட்டத்தட்ட சர்க்கரைப் பாகு, கிருமிகளுக்கு விருந்து. என் வாயும் கையும் சல்லடையும் சேர்ந்து இலை போட்டுப் பரிமாறிவிட்டன. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் புளித்த மோர் வாடை.

மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "டிகாஷன் இறங்கலைன்னா பொடி ரொம்ப நைஸா அரைச்சுட்டான்னு சொல்வீங்களே, இதுவும் அதே கதைதானே?"

அதே கதைதான். ஹாப்ஸ் இரண்டு வடிவத்தில் கிடைக்கும். ஒன்று, உலர்த்திய முழுப் பூ. இது கொதித்த பிறகும் இதழ் இதழாகவே இருக்கும். வால்வுக்கு முன்னால் வலை இருந்தால் பூக்கள் அதன்மேல் தளர்வாகப் படுத்துக்கொள்ளும். அந்தப் படுகையே நல்ல வடிகட்டியாகிவிடும். இன்னொன்று பெல்லட். பூவைப் பொடியாக்கி அழுத்திய சின்ன உருண்டை. இது கொதியில் கரைந்து சேறாகும். கூடவே பார்லியின் புரதம் திரிந்து பிசுபிசுவென்று சேரும். இரண்டும் வலைமேல் அப்பினால் சுவர் எழுப்பிய மாதிரி. வலைக் குழாய் முழுப் பூவுக்குச் சரி, பெல்லட்டுக்கு ஆகாது. நான் பாழாக்கிய 19 லிட்டரின் பாடம் இந்த ஒரு வரிதான்.

அப்படியானால் பெல்லட்டை என்ன செய்வது? துணிப்பையில் கட்டிப் போடலாம். ஆனால் ஹாப்ஸ் ஊறி உப்பும். இறுக்கிக் கட்டினால் சாறு உள்ளே புழங்காது, போட்ட ஹாப்ஸுக்குரிய கசப்பும் மணமும் முழுசாக இறங்காது. பையில் பாதிக்கு மேல் இடம் விட வேண்டும். அண்டாவின் விளிம்பில் தொங்கவிடும் நீளமான வலைக்கூடை இன்னொரு வழி. பையைவிடப் பரவாயில்லை, பரப்பு அதிகம். ஹாப்ஸ் கூடினால் அதுவும் திணறும்.

மூன்றாவது வழியில் வடிகட்டியே கிடையாது. அம்மா அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நீரைச் சுழற்றியே கல்லையும் அரிசியையும் பிரிப்பார்கள். இங்கேயும் சுழற்சிதான், ஆனால் இயற்பியல் கொஞ்சம் வேறு.

தேயிலைத் தூள் கிடக்கும் கோப்பையைக் கரண்டியால் கலக்கிவிட்டுப் பாருங்கள். சுழலும் பொருள் வெளிப்பக்கம்தானே போக வேண்டும்? தூளோ அடியில், நடுவில் குவியும். ஐன்ஸ்டைன் 1926-ல் ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்று எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். நீர் சுழலும்போது ஓரத்தில் அழுத்தம் கூடுகிறது, நடுவில் குறைகிறது. மேலே இருக்கும் நீர் வேகமாகச் சுற்றுவதால் அந்த அழுத்தத்தைச் சமாளித்து ஓரத்திலேயே நிற்கும். அடியில் இருக்கும் நீர் தரையோடு உராய்ந்து வேகம் இழக்கிறது. அதனால் அழுத்தம் அதை நடுவுக்குத் தள்ளுகிறது. தூளும் கூடவே இழுபட்டுப் போகும். நடுவுக்கு வந்த நீர் மேலே ஏறிவிடும். கனமான தூள் ஏற முடியாமல் அங்கேயே தங்கிவிடும்.

பெரிய மதுவாலைகளில் இதற்கென்றே தனித் தொட்டி உண்டு. கனடாவின் மோல்சன் ஆலையில் 1960-ல் வந்த ஏற்பாடு அது. வீட்டில் ஒரு நீளக் கரண்டி போதும். நான் இப்போது செய்வது:

1. சாற்றை ஆறவைக்கும் செம்புச் சுருள் குழாயை, வேலை முடிந்ததும் வெளியே எடுத்துவிடுவேன். அது உள்ளே இருந்தால் சுழற்சியை உடைக்கும்.

2. கிருமிநீக்கிய கரண்டியால் ஒரே திசையில் இரண்டு நிமிடம் சுழற்றுவேன். நுரை பொங்கத் தேவையில்லை, சீராகச் சுற்றினால் போதும்.

3. மூடி போட்டு 20 நிமிடம் தொடவே மாட்டேன். கஷ்டமான கட்டம் இதுதான்.

4. வால்வைக் கால்வாசி மட்டும் திறப்பேன். உள்ளே இருக்கும் உறிஞ்சுகுழாய் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும், நடுவை அல்ல. அவசரப்பட்டு முழுசாகத் திறந்தால் நடுக்குவியல் சரிந்து வாய்க்கு வந்துவிடும்.

5. கடைசி ஒன்றரை லிட்டரை விட்டுவிடுவேன். மனசு வராதுதான். அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக் கூடுதலாகக் காய்ச்சிவிட்டால் வலிக்காது.

கொஞ்சம் பச்சைத் தூள் தப்பித்துப் போனால்? போகட்டும். நொதிக்கும் பாத்திரத்தில் ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், பீருக்கு ஒன்றும் ஆகாது. இது புரியாமல்தான் நான் ஒரு துகள்கூடப் போகக் கூடாது என்று வலை மாட்டினேன். துகளைத் தடுக்கப் போய்க் கிருமிக்குக் கதவு திறந்துவிட்டேன்.

அந்த வலைக் குழாயைத் தூக்கிப் போடவில்லை, அலமாரியில் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் யாக்கிமா போய் முழுப் பூ வாங்கி வரும்போது அதற்கு வேலை வரும். இந்த முறையில் இதுவரை நாலு தடவை காய்ச்சியாயிற்று. வால்வு ஒரு தடவைகூட அடைக்கவில்லை. நண்பர் இன்னமும் வருகிறார். குழாய்ப் பக்கம் மட்டும் விடுவதில்லை.