வாங்கிக்கு உயிரூட்டும் கலம்

வானொலி அலையால் இயங்கும் மாதிரி விமானத்தைக் கண்டோர் அதன் சிறகைப் புகழ்வர். எந்திரத்தின் ஓசையை வியப்பர். தரையில் நின்று இயக்குவோனின் கைத்திறனைப் பாராட்டுவர். அதன் வயிற்றினுள்ளே பஞ்சுறையில் பொதிந்து கிடக்கும் விரலளவுக் கலங்கள் நான்கினை எவரும் நினைப்பதில்லை. எந்திரம் நின்றுபோன விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு மெல்லத் தரையிறக்கலாம். அக்கலங்கள் சோர்ந்துவிட்டாலோ, விமானம் எவர் சொல்லுக்கும் கட்டுப்படாத எறிகல்லாகிவிடும். அது யார் தலையில் விழும் என்பதை யாரே அறிவார்?

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். கண்டியில் எம்மிடம் பயிலும் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், தாம் கட்டும் பெற்றோல் எந்திர விமானத்துக்குத் தமிழிலேயே ஒரு கைந்நூல் எழுத விரும்பிக் கலைச்சொல் வேண்டி வந்தனர். தரையிலிருந்து ஆணை விடுப்பதைச் செலுத்தி என்றும், வானில் அதனைப் பெறுவதை வாங்கி என்றும் கொண்டோம். சுக்கானையும் சிறகு மடல்களையும் அசைக்கும் சிறு மோட்டர்களைச் சேர்வோ என்றே விட்டுவிட்டோம். பற்றரி என்பதைப் பற்று, அரி எனப் பிரித்து, 'பற்றினை அறுப்பது' என்று பொருளுரைத்தான் ஒரு குறும்பன். வகுப்பே நகைத்தது. ஆயினும் சொல் கொடுக்கப் புகுந்தவன் பொருளையும் அறிந்தாக வேண்டுமல்லவா? அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

கம்பியின்றி ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898இல் நியூயோர்க் நகரில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டியவர் நிக்கலா தெஸ்லா. அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 1937இல் மாதிரி விமானமொன்றை அவ்வாறே பறக்கவிட்டனர். அக்காலத்து வாங்கிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. குழாயின் இழையைச் சூடேற்ற ஒரு மின்கலம், அதன் தகட்டுக்கு உயர்ந்த அழுத்தம் தர மற்றொரு கலவடுக்கு என இரட்டைச் சுமையை விமானம் தாங்க வேண்டியிருந்தது. மின்சாரம் எட்டாத நம் மலையகத் தோட்டங்களில், முற்காலத்து வானொலிப் பெட்டியின் பின்னே செங்கல் போன்ற பற்றரி இருந்ததற்கும் இதுவே காரணம். 1947இல் திரான்சிசுற்றர் தோன்றிய பின்னரே இப்பாரம் குறையலாயிற்று.

இன்று வாங்கிக்கு வேண்டுவது பெரும்பாலும் 4.8 முதல் 6 வோல்ற்று வரையுமான அழுத்தமே. அப்படியாயின் கடையில் விற்கும் அல்கலைன் உலர்கலம் நான்கினை இட்டால் 6 வோல்ற்று ஆகாதா என்று மாணவர் கேட்டனர். ஆகும், அளவுமானியில் மட்டும் ஆகும். எல்லாக் கலத்துக்கும் அகத்தடை என்று ஒன்று உண்டு. அத்தகைய உலர்கலம் ஒன்றுக்கு அது கால் ஓம் எனக் கொள்வோம். நான்குக்கும் ஓர் ஓம். விமானம் குட்டிக்கரணம் போடும் கணத்தில் சேர்வோக்கள் ஒருங்கே இழுக்கும் மின்னோட்டம் 3 அம்பியர் ஆயின், அகத்தடையே 3 வோல்ற்றை விழுங்கிவிடும். எஞ்சியது மூன்று. இக்காலத்து 2.4 கிகாஹேட்சு வாங்கிகள் பல, ஏறக்குறைய மூன்றரை வோல்ற்றுக்குக் கீழே மயங்கி மீண்டும் தொடங்குவன. அம்மயக்கம் இரண்டு வினாடி நீடிப்பினும், மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் 40 மீற்றர் தூரம் குருடாகவே பாய்ந்திருக்கும்.

ஆகவே கலத்தைத் தெரிபவர் எத்தனை வோல்ற்று என்று மட்டும் வினவுதல் போதாது. கேட்ட கணத்தில் கேட்ட அளவு மின்னோட்டத்தைத் தளராது தருமா என்றும் வினவுதல் வேண்டும். சுவீடன் நாட்டு யுங்னர் 1899இல் கண்ட நிக்கல் கட்மியக் கலம் இதில் வல்லது. நெடுங்காலம் விமானிகளின் தோழனாயிருந்தது. கட்மியம் நஞ்சாதலின் இன்று அது அருகிவருகின்றது. அதன் இடத்தைப் பிடித்தது நிக்கல் உலோக ஐதரைட்டு. ஆனால் முற்பட்ட வகைகள் பெட்டியில் சும்மா கிடக்கும்போதே மின்னை இழப்பன. சென்ற மாதம் ஏற்றியதை நம்பி இம்மாதம் பறக்கவிடுதல் ஆகாது. 2005இல் வந்த, தானே வடிதல் குறைந்த வகை இக்குறையைப் பெரிதும் நீக்கியது. இலிதியம் பல்பகுதியக் கலமோ இரண்டே சேர்ந்து முழு ஏற்றத்தில் 8.4 வோல்ற்று தரும். சீராக்கி இன்றேல் பழைய சேர்வோ கருகும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று சாந்தமானது. எனினும் கடைசிவரை ஒரே அழுத்தம் காட்டித் திடீரெனக் கைவிடும் இயல்பினது. வோல்ற்று பார்த்து மிச்சத்தை மதிப்பிடுவோர் அதனிடம் ஏமாறுவர்.

இலிதிய மின்கலத்தை உருவாக்கிய மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வகைக் கலங்களின் எதிர்முனையில் பெரும்பாலும் பயன்படுவது காரீயம். நம் கேகாலை மாவட்டத்துப் போகலையிலும், குருநாகல் மாவட்டத்துக் ககட்டககவிலும் அகழ்ந்தெடுக்கும் காரீயம் தூய்மைக்கு உலகப் புகழ் பெற்றது. மண்ணில் விளைவது நமது. கலமாக வருவது பிறநாட்டிலிருந்து. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அதன் விலையைக் கேட்ட மாணவர், பழுதான மடிக்கணினியிலிருந்து கலங்களைப் பெயர்த்தெடுக்கலாமே என்றனர். அக்கலங்களின் வயதை யாரும் அறியார்; தவறிக் குறுஞ்சுற்று நேர்ந்தால் தீயும் பற்றும். அதனை நான் மறுத்துவிட்டேன்.

கொள்ளளவைப் பற்றி ஒரு கணக்கு. 2000 மில்லியம்பியர் மணிக் கலவடுக்கிலிருந்து சராசரி 500 மில்லியம்பியர் செலவாயின், ஏட்டில் நான்கு மணித்தியாலம் வரும். அது சமவெளிக் கணக்கு. அந்தானை மலைச்சாரலில் மோதிச் சுழன்று வரும் காற்றில் இயக்குவோன் கை ஓயாது. கை ஓயாதபோது சேர்வோவும் ஓயாது. ஏட்டுக் கணக்கில் பாதியையே நம்புமாறு சொன்னேன்.

மாணவர் ஈற்றில் தெரிந்தது, தானே வடிதல் குறைந்த நிக்கல் கலங்கள் ஐந்து கொண்ட அடுக்கு. சேர்வோக்கள் 6 வோல்ற்றைத் தாங்கும் என்பதை உற்பத்தியாளரின் ஏட்டில் பார்த்த பின்னரே தெரிந்தனர். ஐந்தில் ஒன்று உள்ளே குறுஞ்சுற்றாகிச் செத்தாலும் எஞ்சிய நான்கும் 4.8 வோல்ற்று தந்து விமானத்தைத் தரைசேர்க்கும் என்று எடுத்துக்காட்டியவன், முன்னே பற்றினை அறுத்த அதே குறும்பன். வில்சுருள் வைத்த கலக்கூட்டை எந்திர அதிர்வு நெகிழ்த்திவிடும் ஆதலால், கலங்களைப் பற்றாசு வைத்து இணைத்திருக்கின்றனர். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் ஓர் அம்பியர் சுமை ஏற்றி அளப்பர்; ஏற்றிய நாளும் அளந்த அளவும் அடுக்கின்மேல் ஒட்டிய தாளில் தமிழில் எழுதப்படுகின்றன.